மாமியின் ‘ஓம்’மும் ஒரு பச்சைப் பொட்டும்

சிட்னியில், செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதன் திரையில், வலது மேல் மூலையில், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பச்சைப் பொட்டு. வீட்டுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், அது என்ன என்று. “இணையம் இருக்கா இல்லையான்னு பார்க்கிற பொட்டுங்க” என்று சொல்லி முடித்துவிடுவேன். முழுக்கதையையும் ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும், என் மனைவி முறைப்பாள். நான் பிழைப்புக்குச் செய்வது மென்பொருள் எழுதுவதுதான். இங்கே தொழிற்பேட்டையில் இருக்கிற கிடங்குகளுக்கு, சரக்கு எங்கே இருக்கிறது, எப்போது போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிற பெரிய பெரிய நிரல்கள். ஆனால் என்னை மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது அவை ஒன்றுமில்லை. இந்தக் கடுகுப் பொட்டுதான். காரணம், பொட்டின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தது மாமி.

மாமி என்றால் என் மனைவியின் அம்மா. எங்கள் திருச்சிப் பக்கம் அத்தை என்போம். யாழ்ப்பாணத்தில் பெண்ணெடுத்த பிறகு நானும் மாமி என்று கூப்பிடப் பழகிக்கொண்டேன். மெலிந்த உடம்பு, எண்ணெய் வைத்து இறுக்கி முடிந்த கொண்டை, எப்போதும் எதையோ மன்னித்துவிட்டதுபோல ஒரு சிரிப்பு. அவர் வாயிலிருந்து அதிகம் வரும் சொல் ‘ஓம்’. நாங்கள் ஆமா என்கிற இடத்தில் அவர்கள் ஓம் என்பார்கள், அதிலொன்றும் அதிசயமில்லை. ஆனால் மாமியின் ஓமுக்கும் உண்மைக்கும் நடுவில் எந்தவிதமான ஒப்பந்தமும் கிடையாது. சாப்பிட்டீர்களா என்றால் ஓம். நித்திரை வந்ததா என்றால் ஓம். கால் வலி குறைந்ததா என்றால் இரண்டு ஓம். இரண்டு ஓம் வந்தால் வலி கூடியிருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். பொய் சொல்லும் பழக்கம் என்று இதைச் சொல்ல மனம் வராது. தன்னால் இன்னொருவருக்கு ஒரு நிமிஷமும் தொந்தரவு வந்துவிடக்கூடாது என்று அவர் ஒரு பிடிவாதமாகவே வாழ்ந்தார்.

கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது இதை நேரிலேயே அனுபவித்தேன். நல்ல வெயில் காலம். மின்விசிறி இருந்த ஒரே அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, தனக்குக் குளிருகிறது என்று சொல்லி வெளி அறையில் பாய் விரித்தார். காலையில் குழாய்ப்புட்டும் சம்பலும். நான் வெட்கமில்லாமல் மூன்றாவது முறையும் வாங்கிக்கொண்டு, “நீங்க சாப்பிட்டீங்களா மாமி?” என்று கேட்டேன். “ஓம் ஓம், அப்பவே சாப்பிட்டிட்டன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனால், மாமி பாண் என்கிற ரொட்டியில் ஒரு துண்டைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருக்கிறார். புட்டுப் பானை காலி. கையும் களவுமாகப் பிடிபட்டவர் முகத்தில் ஒரு கூச்சம் வரவேண்டுமே, வரவில்லை. “ஓம் எண்டு சொன்னா எல்லாருக்கும் சுகம்தானே, மருமகன்” என்று சிரித்தார். அன்றிரவு இதை மனைவியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. “அம்மாக்கு என்ன கறி விருப்பம் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது” என்றாள்.

மாமா காலமாகி, கடைசி மகனும், அதாவது என் மச்சானும், வேலைக்கென்று சிட்னிக்கு வந்த பிறகு மாமி தனியானார். கைபேசி வாங்கிக் கொடுத்தோம். அந்தக் கண்ணாடித் திரை அவருடைய விரலைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்டுகொண்ட சமயங்களில் அழைப்பைத் துண்டித்தது. ஆகவே மச்சான் விட்டுவிட்டு வந்த மேசைக் கணினிக்கு நானே ஒரு சின்னச் செயலி எழுதினேன். கணினியைப் போட்டால் போதும், அது தானாகத் திறந்துகொள்ளும். அழுத்த ஒரு பொத்தானும் கிடையாது. இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் எங்கள் முகம் தெரியும், அவ்வளவுதான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று மாமி தெரிந்துகொள்ளத்தான் மூலையில் அந்தப் பொட்டு. “பச்சையா இருந்தா நாங்க வருவோம்னு அர்த்தம் மாமி. சிவப்பா இருந்தா இணையம் இல்லைன்னு அர்த்தம். உங்க வேலையைப் பாருங்க” என்று சொல்லிவைத்திருந்தேன். மாமியும் ஓம் என்றார்.

இணையம் இருக்கிறதா என்று ஒரு நிரலுக்குள்ளிருந்து கண்டுபிடிப்பது சின்ன விஷயம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கணினியின் இயங்குதளத்திடம் ஒரே வரியில் கேட்கலாம்: வலையமைப்பு இருக்கிறதா? அது உண்டு அல்லது இல்லை என்று சொல்லும். உண்டு என்றால் பச்சை. ஐந்து நிமிஷ வேலை, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். நான் யோசிக்காமல் விட்டது, அந்தக் கேள்விக்குக் கணினி எதைப் பார்த்துப் பதில் சொல்கிறது என்பதை. மேசைக்கடியில் இருக்கிற ரவுட்டரோடு கம்பி சேர்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். ரவுட்டருக்கு அப்பால் தெருவில் கம்பி அறுந்து கிடந்தாலும் அதற்குக் கவலையில்லை. வாசற்படி வரை போய்ப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சுகம் என்று வந்து சொல்கிற ஆளைப்போல அது உண்டு என்று சொல்லிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு போய்விட்டது. நாங்கள் கொஞ்சம் பார்த்துவிட்டு, அங்கே மின்சாரம் போயிருக்கும் என்று எழுந்துவிட்டோம். அடுத்த ஞாயிறு மாமி தயங்கித் தயங்கிக் கேட்டார்: “போன கிழமை ஏன் பிள்ளை ஒண்டும் கதைக்காமல் என்னையே பாத்துக்கொண்டிருந்தனீ? என்னில ஏதும் கோவமோ?” விஷயம் அப்போதுதான் விளங்கியது. அந்தப் பக்கம் மகளுடைய முகம் அப்படியே உறைந்து நின்றிருக்கிறது, வாய் பாதி திறந்தபடி. மூலையில் பொட்டு பச்சை. பச்சை என்றால் மகள் இருக்கிறாள் என்று மருமகன் சொல்லியிருக்கிறார். ஆகவே மாமி அந்த உறைந்த முகத்திடம் வெகுநேரம் கதைத்திருக்கிறார். மகள் பதில் சொல்லவில்லை என்றதும், தான் என்ன பிழை விட்டோம் என்று யோசித்து, ஒவ்வொன்றாக மன்னிப்பும் கேட்டிருக்கிறார். நான் முதலில் சிரித்துவிட்டேன், உண்மையைச் சொல்லவேண்டுமே. பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அன்று மத்தியானமே நிரலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

இந்த முறை கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகச் செய்தேன். உலகத்தில் எப்போதும் திறந்திருக்கிற பெரிய தளமொன்றின் கதவை நிரல் அடிக்கடி போய்த் தட்டும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிறு மாமியைக் காணவில்லை. வீட்டுத் தொலைபேசிக்கு எடுத்தோம். “ஓம் ஓம், இஞ்ச எல்லாம் நல்லா வேலை செய்யுது. பச்சையாத்தான் கிடக்கு. நீங்கள் வேலையா இருப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருக்கிறன்” என்றார். காலையில் குளித்து, நல்ல சேலை உடுத்து, கதிரையைக் கணினிக்கு முன்னால் இழுத்துப் போட்டு, மத்தியானம் வரை அந்தப் பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மாதத்து டேட்டா முடிந்துபோயிருந்தது. டேட்டா முடிந்தால் அங்குள்ள இணைய நிறுவனம் கதவை மூடுவதில்லை. எந்தக் கதவை நாம் தட்டினாலும் தானே வந்து திறந்து, பணம் கட்டச் சொல்லி ஒரு பக்கத்தை நீட்டும். இங்கேகூட ஹோட்டல்களில் வைஃபை போட்டால் முதலில் அப்படி ஒரு பக்கம்தானே வந்து நிற்கிறது. என் நிரலோ, பதில் வந்ததா வந்தது என்று பச்சையைக் கொளுத்திவிட்டது.

“உங்க அம்மா மாதிரியே ஒரு இணையம்! எதைக் கேட்டாலும் சரி சரின்னு பதில் சொல்லுது” என்று மனைவியிடம் கத்தினேன். என் தொழிலில் குறை சொல்கிற வாடிக்கையாளரைப் பற்றிப் புலம்பாதவர்கள் கிடையாது. எனக்கு வாய்த்தவரோ குறையே சொல்லமாட்டார். அப்படி ஒருவர் இருந்தால் நிரல் எழுதுகிறவன் எங்கே போய் முட்டிக்கொள்வது? எது கெட்டாலும் நல்லா வேலை செய்யுது. எது நின்றாலும் ஓம் ஓம்.

என் மனைவி வெஸ்ட்மீட்டில் ஒரு மருத்துவமனையில் தாதி. நான் கத்தி முடிக்கும் வரை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டுச் சொன்னாள்: “நாங்கள் வாட்டில மருந்து குடுக்கேக்க, ‘நீங்கள் தானே இன்னார்?’ எண்டு ஒரு நாளும் கேக்க மாட்டம். அப்பிடிக் கேட்டா அரை நித்திரையில கிடக்கிறவையும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். ‘உங்கட பேரைச் சொல்லுங்கோ’ எண்டு கேப்பம். பேரை அவை தங்கட வாயால சொல்லோணும். நீங்கள் ஏன் உங்கட கொம்பியூட்டரிட்ட ஓம், இல்லை எண்டு வாற கேள்வியைக் கேக்கிறியள்?” கேட்டுவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள். இந்த யோசனை எனக்கு வந்திருக்கவேண்டும், சம்பளமே அதற்குத்தான் வாங்குகிறேன். வராததில் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்தது.

அதன்படியே மாற்றினேன். ஊருக்குப் பொதுவான கதவுகளை விட்டுவிட்டு எங்களுடைய சர்வரில் ஒரே ஒரு சொல்லை வைத்தேன். நிரல் அங்கே போய், ‘இருக்கிறாயா?’ என்று கேட்காது; ‘சொல்லைச் சொல்’ என்று கேட்கும். வந்த சொல் அந்தச் சொல்லாகவே இருந்தால் மட்டும் பச்சை. வைத்த சொல் ‘புட்டு’. நடுவில் எந்த நிறுவனம் வந்து நின்று சரி சரி என்று தலையாட்டினாலும், புட்டு என்று சொல்ல அதற்குத் தெரியாதல்லவா? மாமியின் பொட்டு எங்கள் திரையிலும் தெரியும்படி செய்தேன். அன்றிலிருந்து பொட்டு பொய் சொல்வது நின்றது. மாமி தொலைபேசியில் ஓம் ஓம் என்று சொல்லும்போது எங்கள் பக்கத்தில் அவருடைய பொட்டு சிவப்பாக எரியும். “அம்மா, பொட்டு காட்டிக் குடுக்குது” என்பாள் மனைவி. மாமி வெட்கப்பட்டுச் சிரிப்பார். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்புறம் மச்சானுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மெல்பேர்னில் வளர்ந்தவள், கல்யாணம் சிட்னியில். மாமிக்கு விசா, டிக்கெட் எல்லாம் தயார். கிளம்ப இருந்த நேரத்தில் குசினியில் வழுக்கி விழுந்து இடுப்பில் சத்திரசிகிச்சை. இப்போதைக்கு விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று மச்சான் அழாக்குறையாகச் சொன்னான். மாமி சம்மதிக்கவில்லை. “எனக்காக ஒண்டையும் பிந்தப் போடாதேங்கோ. மண்டபம் எடுத்தாச்சு, சனத்துக்குச் சொல்லியாச்சு. நான் கொம்பியூட்டரில பாப்பன்தானே” என்றார். பிள்ளைகள் மூன்று நாள் கெஞ்சியும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாமி ஓம் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் மனைவி பூ கட்டிக்கொண்டிருந்தாள். “நாளைக்கு லைன் போனாலும் போகும். அது பரவாயில்லை” என்றாள். “ஆனா அம்மா பாக்காமலே ‘பாத்திட்டன்’ எண்டு சொல்லுவா. தம்பி தாலி கட்டினதைக் கண்ணால கண்ட மாதிரி வாழ்நாள் முழுக்கச் சொல்லுவா. நாங்களும் நம்பின மாதிரி நடிச்சுக்கொண்டே இருப்பம். அதுதான் எனக்கு ஏலாது.” சொல்லிவிட்டு நிமிராமல் பூவைத் தொடுத்தாள். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பயம் வந்தது.

மணவறைக்கு ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் லேப்டாப். மண்டபத்து வைஃபையை நம்பாமல் என் கைபேசியிலிருந்தே இணைப்பு எடுத்திருந்தேன். மாமியின் ஆசீர்வாதம் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கிக்காரர் லேப்டாப்பிலிருந்து ஒரு வயரை இழுத்து மண்டபத்து ஸ்பீக்கரில் சொருகியிருந்தார். இங்கே முற்பகல், அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. திரையில் மாமி. பட்டுச்சேலை உடுத்து, கணினிக்குப் பக்கத்தில் நிறைகுடமும் குத்துவிளக்கும் வைத்து, கைத்தடியைக் கதிரையில் சாய்த்துவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் காகம் கத்துவது மண்டபம் முழுக்கக் கேட்டது. பொட்டு பச்சை. நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, பெண்ணைப் பார்க்கவில்லை. பொட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலிக்கொடி வைத்த தட்டு சபையைச் சுற்றி ஆசி வாங்கிக்கொண்டு மணவறைக்குத் திரும்பியது. ஐயர் அதை எடுத்து மச்சான் கையில் கொடுத்தார். தவில்காரர் ஐயரின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் லேப்டாப் பக்கம் திரும்பி, “அம்மா, தெரியுதோ?” என்றான். “ஓம் ஓம், நல்லாத் தெரியுது. கட்டு அப்பன்” என்று மாமியின் குரல் மண்டபம் முழுக்க ஒலித்தது. இரண்டு ஓம். என் மனைவி மணவறையில் தம்பிக்குப் பக்கத்தில் நின்றவள் சட்டென்று நிமிர்ந்தாள். நான் பொட்டைப் பார்த்தேன், பச்சைதான். அவளுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் என்னை நம்பவில்லை, பொட்டையும் நம்பவில்லை. ஐயரின் முன்னால் இருந்த மைக்கை எடுத்துவிட்டாள்.

“அம்மா, பொம்பிளைட கூறைச்சேலை என்ன நிறம்?”

“வடிவான நிறம், பிள்ளை.”

சபை சிரித்தது. “தம்பிக்குப் பக்கத்தில ஆர் நிக்கினம், சொல்லுங்கோ பாப்பம்.”

“எல்லாரும் நிக்கினம்தானே.”

இன்னும் பெரிய சிரிப்பு. முன்வரிசைப் பெரியவர் ஒருவர், நேரம் போகுது பிள்ளை, என்றார். மனைவி சிரிக்கவில்லை. “அம்மா” என்றாள், மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு. “இண்டைக்கு ஒரு நாள் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கோ. தெரியுதோ, தெரியேல்லையோ?”

ஒலிபெருக்கியில் காகம் மட்டும் கத்தியது. திரையில் மாமி தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல வந்தது: “இல்லைப் பிள்ளை. கறுப்பாக் கிடக்கு. கன நேரமா ஒண்டும் தெரியேல்ல.” கொஞ்சம் நிறுத்தி, இன்னும் சின்னக் குரலில், “எனக்கும் பாக்க ஆசையாக் கிடக்கு. கொஞ்சம் பொறுப்பினமோ?”

மாமி ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் மனைவியும் மச்சானும் கேட்டதும் அதுதான் முதல் தடவை என்பது அவர்கள் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஐயர்தான் முதலில் வாய் திறந்தார். “அம்மா, நல்ல நேரம் இன்னும் இருக்கு. ஆறுதலாப் பாருங்கோ. நாங்கள் நிக்கிறம்” என்றார். அவர் நல்லா இருக்கவேண்டும்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொட்டு பச்சை, குரல் வருகிறது, படம் மட்டும் போகவில்லை என்றால் என்ன அர்த்தம்? புட்டு என்பது ஒரு சின்னச் சொல், எந்த இடுக்கிலும் நுழைந்து போய்விடும். குரலும் எப்படியோ ஒடுங்கிப் போய்விடும். படத்துக்கு இடம் வேண்டும். அந்த இடத்தை யார் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தேன். பார்த்ததும் விளங்கிவிட்டது. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை தூக்கிய கைகள், ஒவ்வொரு கையிலும் ஒரு கைபேசி. தாலி கட்டும் நேரம் வந்துவிட்டது என்று ஆளாளுக்கு லண்டனில் இருக்கிற சித்திக்கும் டொரொண்டோவில் இருக்கிற பெரியம்மாவுக்கும் நேரலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு மண்டபத்துச் சனம் முழுவதும் ஒரே கைபேசிக் கோபுரத்தின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. எங்கள் சனத்தால் மட்டும்தான் இது முடியும்.

மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவள் மைக்கில் சொன்னாள்: “எல்லாரும் போனை ஒருக்கா நிப்பாட்டிக் கீழ வைக்கிறியளோ? அம்மா பாக்கோணும்.” அவ்வளவுதான் சொன்னாள். தென்னந்தோப்பில் காற்று ஓய்ந்தமாதிரி கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்வரிசைப் பெரியவர் தன் கைபேசியை எங்கே அணைப்பது என்று தெரியாமல் சட்டைப்பைக்குள் போட்டு மேலே கையையும் வைத்து அமுக்கிக்கொண்டார். லண்டனும் டொரொண்டோவும் துண்டிக்கப்பட்டன. எங்களுக்கு மாமியின் முகம் வருவதை நானும் நிறுத்தினேன், அவருக்கு வழி கிடைக்கட்டும் என்று. இப்போது எங்கள் திரை கறுப்பாகிவிட்டது. மூலையில் பொட்டு மட்டும் பச்சையாக எரிந்தது, ஆனால் அதைப் பார்த்து இனி எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. யாரும், தெரியுதா, என்று கேட்கவில்லை. கேட்டுப் பிரயோசனமில்லை என்று சபைக்கே தெரிந்துவிட்டிருந்தது. சும்மா நின்றோம்.

“எட தம்பி!” என்று ஒலிபெருக்கி அலறியது. “தலைப்பாகை சரிஞ்சு போய்க் கிடக்குது. ஆராவது நிமித்தி விடுங்கோவன்!”

எல்லோரும் மாப்பிள்ளையின் தலையைப் பார்த்தோம். உண்மைதான், தலைப்பாகை இடதுகாதுப் பக்கமாகச் சரிந்து கிடந்தது. இத்தனை நேரம் மண்டபத்தில் இருந்த ஒருவரும் கவனிக்கவில்லை. சபை கைதட்டியது, விசிலடித்தது. என் மனைவி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே போய் அதை நிமிர்த்தினாள். “இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்” என்றது ஒலிபெருக்கி. நிமிர்த்தினாள். “ம். இப்ப கட்டு.” கெட்டிமேளம் கொட்டியது. அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டியதை ஒருவரும் கைபேசியில் எடுக்கவில்லை. எல்லோரும் வெறுங்கண்ணால் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான் நிரலை இன்னொரு முறை மாற்றினேன். இப்போது அது ஒரு சொல்லைக் கேட்பதோடு விடுவதில்லை. ஒரு சின்னப் படத்தையும் அனுப்பி, அது மறுமுனையில் முழுதாக வந்து சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் பச்சையாகும். சொல்லையும் மாற்றிவிட்டேன், ‘தலைப்பாகை’ என்று. அலுவலகத்தில் கிடங்குகளுக்கு எழுதுகிற நிரல்களிலும் இதே வழிதான். சரக்குக் கணக்கு அனுப்பவேண்டும் என்றால் அனுப்பிப் பார், போய்ச் சேர்ந்தால் சரி, சேராவிட்டால் சேரவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லி, கையில் வைத்துக்கொண்டு மறுபடி அனுப்பு. இணையம் இருக்கிறதா என்று வெறுமனே கேட்டுக்கொண்டு நிற்காதே. எங்கள் மேலாளர் ஒருமுறை என் நிரலில் அந்தத் தமிழ்ச் சொல்லைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். மாப்பிள்ளையின் தொப்பி என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. நல்ல மனிதர்.

இப்போது மாமி மெல்பேர்னில் இருக்கிறார். மச்சானும் பெண்டாட்டியும் பொயிண்ட் குக்கில் வீடு வாங்கி, மாமியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கைபேசி இன்னமும் அவர் விரலோடு சண்டைதான், ஆகவே அதே செயலி, அதே பொட்டு. செயலி மாறவில்லையே தவிர மாமி நன்றாக மாறிவிட்டார். அன்றைக்கு மண்டபத்தில் ஒருதடவை சொல்லிப் பார்த்ததில் ‘இல்லை’ என்ற சொல்லின் ருசி தெரிந்துவிட்டதுபோல. சாப்பிட்டீர்களா என்றால், இல்லை, இண்டைக்குக் கறி வாய்க்கவில்லை என்கிறார். அவருக்குப் பிடித்தது முருங்கைக்காய்க் கறி என்று என் மனைவிக்கு இப்போதுதான் தெரியவந்திருக்கிறது. தெரிந்த நாளிலிருந்து இங்கே விற்கிற முருங்கைக்காயை அவள் விலை பார்க்காமல் வாங்குகிறாள். இனி மெல்பேர்ன் போகும்போதெல்லாம் பெட்டியில் துணிக்கு இடமிருக்குமா என்பது சந்தேகம்தான்.

போன ஞாயிறு மத்தியானம் கணினியைப் போட்டேன். பொட்டு பச்சை. திரையில் மாமி, கதிரையில் சாய்ந்துகொண்டு. “மாமி, தெரியுதா?” என்று கேட்டேன், பழக்கதோஷம்.

“இல்லை” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொல் வந்திருக்கிறது, படம் போய்ச் சேர்ந்திருக்கிறது, பொட்டு பச்சையாக எரிகிறது, இன்னும் எதை நான் பார்க்காமல் விட்டேன்? மேசைக்கடியில் புகுந்து கம்பியை ஆட்டினேன். ரவுட்டரை அணைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு எழுந்து மறுபடி திரைக்கு முன்னால் நின்றேன். என் மனைவி எனக்குப் பின்னால் சுவரோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

“உங்களைத் தெரியுது, மருமகன்” என்றார் மாமி. “பிள்ளையைத்தான் தெரியேல்ல. மறைச்சுக்கொண்டு நிக்கிறியள். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ.”

தள்ளி நின்றேன்.